எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கார்டை மாற்றுதல்: செட்டிநாட்டில் கிட்டார் வைத்திருப்போருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எலெக்ட்ரிக் கிட்டாரின் முகத்தில் திருகப்பட்டிருக்கும் தகட்டுக்குப் பிக்கார்டு என்று பெயர். மீட்டும் பிக் உடல்மரத்தின் பூச்சைக் கீறிவிடாமல் காப்பது அதன் முதல் வேலை என்றாலும், ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகைக் கிட்டார்களில் அதன் பொறுப்பு அத்துடன் முடிவதில்லை. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் மூன்று பிக்கப்புகள், அவற்றில் ஒலிக்க வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்ச், ஒரு வால்யூம் பாட், இரண்டு டோன் பாட் (பாட் என்பது குமிழால் திருகப்படும் மாறும் மின்தடை), இவற்றை இணைக்கும் வயர்கள் ஆகிய அனைத்தும் அந்தத் தகட்டின் அடியில்தான் தொங்குகின்றன. எனவே அதை மாற்றுவது தோற்றத்தை மாற்றும் வேலையாகத் தொடங்கி, கிட்டாரின் மின்பாகங்கள் முழுவதையும் இடம் பெயர்க்கும் வேலையாக விரிந்துவிடுகிறது. திருப்புளியைப் பொறுமையாகப் பிடிக்கத் தெரிந்த எவரும் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தகடு மலிவானது, உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தகடு திருகப்படும் மரத்துளைகள் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே சிறு பொருத்தமின்மை தென்படும்போதெல்லாம் தகட்டைத்தான் அராவ வேண்டும், தகட்டைத்தான் திருத்த வேண்டும்; மரத்தில் கை வைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு முடிவை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

வாங்குவதற்கு முன் அளவெடுத்தல்

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பவர் பெரும்பாலும் பிக்கார்டை அஞ்சலில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. கடைக்குக் கிட்டாரைத் தூக்கிச் சென்று வைத்துப் பார்த்து வாங்கும் வசதி இல்லாததால், அளவெடுப்பதில்தான் முழுக் கவனமும் செல்ல வேண்டும். "ஸ்ட்ராட் பிக்கார்டு" என்று ஒரே பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒன்றல்ல.

முதலில் திருகுத் துளைகளை எண்ணுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954 ஆம் ஆண்டு வெளிவந்தபோது அதன் தகடு ஒற்றை அடுக்கு வெள்ளை பிளாஸ்டிக்காக, 8 திருகுகளுடன் இருந்தது. 1959 இல் மூன்றடுக்குத் தகடு வந்தபோது திருகுகள் 11 ஆயின. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 11 துளைத் தகடுகளே. அவற்றிலும் 1962 மாதிரி என்று விற்கப்படுவதற்கும் பிற்கால மாதிரிக்கும் இடையே, மேல் விளிம்பில் நெக் எனப்படும் கழுத்துப் பக்கத்து பிக்கப்புக்கும் நடுப் பிக்கப்புக்கும் இடைப்பட்ட திருகின் இடம் சற்று விலகியிருக்கும். எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனால் போதும் என்று நினைப்பவர்களை ஏமாற்றுவது அந்த ஒரு துளைதான்.

அடுத்து பிக்கப்புகளின் அமைப்பைப் பாருங்கள். மூன்றும் ஒற்றைச் சுருள் பிக்கப்புகளா, அல்லது உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே அகலமான இரட்டைச் சுருள் ஹம்பக்கர் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத் தகட்டின் வெட்டு மாறும். மூன்று ஒற்றைச் சுருள் கிட்டாருக்கு ஹம்பக்கர் வெட்டுள்ள தகட்டை வாங்கிவிட்டால், உடல்மரத்தில் அதற்கேற்ற குழி இருக்கிறதா என்ற கேள்வி எழும். சில கிட்டார்களில் குழி முழுவதும் ஒரே தொட்டியாகக் குடையப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் தனித்தனிக் குழி இருக்கும். இரண்டாவது வகையில் மரத்தைக் குடைய வேண்டி வரும் என்பதால் அந்தத் தகட்டைத் தவிர்த்துவிடுவதே நல்லது.

பாட்டுகளின் துளையும் கவனத்துக்குரியது. அமெரிக்க அளவு பாட்டின் கழுத்துக்குச் சுமார் 9.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். ஆசியாவில் தயாராகும் பல கிட்டார்களில் உள்ள சிறிய பாட்டுகளுக்கு 7 முதல் 8 மில்லிமீட்டர் போதும். துளை பெரிதாக இருந்தால் அகலமான வாஷர் ஒன்றைப் போட்டுச் சமாளிக்கலாம். சிறிதாக இருந்தால் வட்ட அரத்தால் மெல்ல அகலப்படுத்தலாம். ட்ரில்லை வைத்து ஒரேயடியாகப் பெரிதாக்கினால் பிட் தகட்டைக் கவ்வி இழுத்துப் பிளந்துவிடக்கூடும்.

இத்தனையையும் ஒரே தாளில் பதிவு செய்ய ஓர் எளிய வழி உண்டு. கிட்டாரின் தந்திகளைக் கழற்றிய பின், பழைய தகட்டின் மேல் வெள்ளைத் தாளை விரித்து, நகராதபடி ஒட்டி, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து விளிம்புகளின் மேல் தேய்த்தால், வெளிக்கோடு, திருகுகள், பிக்கப் வெட்டுகள், நெக் பொருந்தும் இடம் ஆகிய அனைத்தும் தாளில் எழும்பி வரும். அந்தத் தாளில் இரண்டு திருகுகளுக்கு இடையேயான தூரங்களை மில்லிமீட்டரில் எழுதி, விற்பவரிடம் அதே தூரங்களைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதைவிட இது பல மடங்கு நம்பகமானது.

எந்தப் பொருளாலான தகடு

வழக்கமான மூன்றடுக்குத் தகடு ஏறக்குறைய 2.3 முதல் 2.5 மில்லிமீட்டர் கனமும், ஒற்றை அடுக்குத் தகடு 1.6 மில்லிமீட்டரை ஒட்டிய கனமும் கொண்டிருக்கும். பி.வி.சி. தகடுகள் வளைந்து கொடுக்கும். அக்ரிலிக் தகடுகள் கண்ணாடிபோல் பளபளத்தாலும், திருகை மிகையாக இறுக்கினால் துளையைச் சுற்றி நட்சத்திரமாக வெடிக்கும்.

பழைய கிட்டார்களிலும் அவற்றின் மறுபதிப்புகள் சிலவற்றிலும் செல்லுலாய்டு தகடு இருக்கும். நைட்ரோசெல்லுலோஸுடன் கற்பூரத்தைச் சேர்த்துச் செய்யப்படும் பொருள் அது. விரலால் அழுத்தித் தேய்த்தால் மெல்லிய கற்பூர வாசனை வரும் என்பதே அதை அடையாளம் காணும் வழி. பூசைக் கற்பூரத்தின் வாசனையை அறிந்த எவரும் உடனே கண்டுகொள்வர். செல்லுலாய்டு மிக விரைவாகத் தீப்பற்றக்கூடியது என்பதால் நெருப்பு வைத்துச் சோதிப்பதோ, சூடான சால்டரிங் அயர்னை அதன் மேல் சாய்த்து வைப்பதோ கூடவே கூடாது. ஆண்டுகள் ஆக ஆக அது சுருங்கும். சிதையத் தொடங்கும்போது வெளியேறும் அமில ஆவி அருகிலுள்ள உலோகப் பாகங்களை அரிக்கும். அப்படிப்பட்ட தகட்டைக் கழற்றினால் கிட்டார்ப் பெட்டிக்குள் போட்டு மூடி வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

உள்ளூரிலேயே தகடு வெட்டிக்கொள்ள விரும்புவோர் பெயர்ப்பலகை செய்யும் கடைகளை நாடலாம். அக்ரிலிக்கை லேசரில் துல்லியமாக வெட்டும் இயந்திரம் இப்போது பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் பி.வி.சி.யை லேசரில் வெட்டக் கூடாது. வெட்டும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு, வெட்டுபவரின் நுரையீரலையும் இயந்திரத்தையும் பாழாக்கும். கடைக்காரரிடம் கொடுக்கும் பொருள் அக்ரிலிக்தான் என்பதை உறுதி செய்துகொள்வது நம் கடமை.

செட்டிநாட்டில் இன்னோர் ஆசையும் எழுவது இயல்பு. பழைய வீடுகள் பிரிக்கப்படும்போது வரும் பர்மாத் தேக்குத் துண்டுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கண்ணில் படும். அவற்றில் ஒரு தகடு செய்து கிட்டாரில் பதித்தால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று தோன்றும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2.5 மில்லிமீட்டருக்கு இழைத்த ஒற்றைத் தேக்குப் பலகை, பிக்கப் வெட்டுகளின் ஓரத்திலுள்ள குறுகிய பகுதிகளில் நாரின் போக்கிலேயே பிளந்துவிடும். மெல்லிய பிளைவுட்டை அடித்தளமாக வைத்து அதன் மேல் தேக்குச் சீவலை ஒட்டுவதுதான் நிலைக்கும் வழி. தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பசை தடவ வேண்டும். இப்பக்கத்து ஆசாரிகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகட்டின் அளவுத் தாளை மட்டும் அவர்களிடம் சரியாகக் கொடுத்தால் போதும்.

இடமும் கருவிகளும்

வீட்டின் உள்முற்றமான வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரம் போல் பகல் வெளிச்சம் நேராக விழும் இடம் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் வெயில் நேரடியாகக் கிட்டாரின் மேல் விழக் கூடாது. தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் அதன் மேல் வெள்ளை வேட்டியோ படுக்கை விரிப்போ விரித்துக்கொள்ளுங்கள். பூவும் கட்டமுமான அந்த வேலைப்பாட்டின் மேல் விழுந்த சிறு திருகைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம். கல்லின் மேல் துள்ளி ஓடிய திருகு தூண் மறைவுக்கே போய்விடும். மேசையில் வேலை செய்வது இன்னும் நல்லது. நெக்கின் அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைத்தால் கிட்டார் ஆடாது.

எண் 1 அளவு ஃபிலிப்ஸ் திருப்புளி ஒன்று அவசியம். பிக்கார்டுத் திருகுகளின் தலைக்கு எண் 2 திருப்புளி பெரிதாக இருந்து, குறுக்குவெட்டைத் தேய்த்துவிடும். பாட்டு நட்டுகளுக்கு 10 முதல் 13 மில்லிமீட்டர் வரையிலான பாக்ஸ் ஸ்பேனர், சாமணம், பெயிண்டர் டேப், இரும்பு அளவுகோல், தட்டை அரம், வட்ட அரம், மெழுகுவர்த்தித் துண்டு, மல்டிமீட்டர் ஆகியவை இருந்தால் போதும். சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் தேவைப்படாது. ஏன் என்பதைக் கீழே காணலாம்.

ஓர் அட்டையில் பிக்கார்டின் வெளிக்கோட்டை வரைந்து வைத்துக்கொண்டு, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். எல்லாத் திருகும் ஒரே அளவு போலத் தோன்றினாலும், இதற்கு முன் யாரேனும் ஒரு துளையில் மட்டும் நீளமான திருகைப் போட்டிருக்கக்கூடும். அதை வேறு துளையில் செலுத்தினால் மரம் பிளக்கும்.

பழைய தகட்டைக் கழற்றுதல்

தந்திகளைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளில் கடைசியானதில் தந்தியை அழுத்திப் பிடித்தபடி, தந்தியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் காந்தமுனைக்கும் உள்ள இடைவெளியை, தடித்த தந்தியிலும் மெல்லிய தந்தியிலும், மூன்று பிக்கப்புகளுக்கும் அளந்து எழுதுங்கள். வேலை முடிந்ததும் அதே ஒலி திரும்பக் கிடைக்க இந்த ஆறு எண்களே துணை.

ட்ரெமோலோ பிரிட்ஜ் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை வளைக்கும் பிரிட்ஜ்) உள்ள கிட்டாரில், தந்திகளின் இழுவை போனதும் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னோக்கிச் சாய்த்துவிடும். மடித்த அட்டையைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே செருகிவிட்டு, ஆறு தந்திகளையும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். ட்ரெமோலோ கைப்பிடியையும் கழற்றி வையுங்கள்.

குமிழ்களைக் கழற்றும்போது திருப்புளியால் நெம்பாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியைக் குமிழின் அடியில் ஒரு சுற்றுச் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்து நேராக மேலே இழுத்தால் குமிழ் அப்படியே எழும்பி வரும். பக்கவாட்டில் சிறு துளை தெரிந்தால் அது திருகு வைத்த குமிழ். உள்ளே இருக்கும் திருகைத் தளர்த்தாமல் இழுக்கக் கூடாது. ஸ்விட்சின் நுனித் தொப்பியும் இழுத்தால் வந்துவிடும்.

இப்போது பிக்கார்டுத் திருகுகள். ஒவ்வொன்றையும் கழற்றும்போது திருப்புளியைச் செங்குத்தாக அழுத்திப் பிடியுங்கள். பல ஆண்டுகளாக மேடைக் கச்சேரிகளில் வியர்வை பட்ட கிட்டாரில் சில திருகுகள் துருப்பிடித்து மரத்தோடு இறுகியிருக்கும். வியர்வையின் உப்பு நிக்கல் பூச்சின் நுண்ணிய ஓட்டைகள் வழியே இறங்கி, அடியிலுள்ள எஃகை அரிப்பதால் ஏற்படும் விளைவு இது. இரும்பு துருப்பிடிப்பது ஒரு மின்வேதியியல் நிகழ்வு. அந்தத் துறைக்கென்றே காரைக்குடியில் 1953 முதல் ஒரு மத்திய ஆய்வகம் இயங்கி வருகிறது என்பது இவ்வூர்க்காரர் அனைவரும் அறிந்தது. அத்தகைய திருகை முதலில் மிகச் சிறிதளவு இறுக்கும் திசையில் அசைத்துவிட்டு, பிறகு தளர்த்துங்கள். அப்போதும் அசையவில்லை என்றால் சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்துச் சூடேற்றினால் பிடி விடும். செல்லுலாய்டு தகட்டில் மட்டும் இந்த முறையை ஒருபோதும் கையாளாதீர்கள்.

எல்லாத் திருகும் வந்த பிறகும் தகடு எழும்பவில்லை என்றால் நெக்கைப் பாருங்கள். 22 ஃப்ரெட் கொண்ட நெக்கில் விரற்பலகையின் நுனி தகட்டின் மேல் சிறிது நீட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றில் தகட்டைப் பிரிட்ஜ் பக்கமாக நகர்த்தி உருவிவிடலாம். சிலவற்றில் நெக்கின் நான்கு திருகுகளையும் தளர்த்தித்தான் எடுக்க முடியும்.

தகட்டை எழுப்பியதும் திடீரென இழுக்காமல், கேபிள் செருகும் ஜாக் இருக்கும் கீழ்ப்பக்கமாக மெல்லத் திருப்பி, மடித்த துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். உடல்மரத்தோடு அதை இன்னும் பிணைத்திருப்பவை மூன்று வயர்கள்: இரண்டு ஜாக்குக்குச் செல்கின்றன, ஒன்று உடலைத் துளைத்துப் பின்பக்கத்து ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் இரும்புக் கொக்கிக்குச் செல்கிறது. இந்த நிலையில் நல்ல வெளிச்சத்தில் நான்கைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாகங்களைப் புதிய தகட்டுக்கு மாற்றுதல்

பலரும் இங்கே தேவையில்லாமல் அஞ்சுகிறார்கள். தகட்டை மட்டும் மாற்றுவதற்கு ஒரே ஒரு சால்டர் பற்றைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. பாட்டுகளைப் பிடித்திருப்பவை நட்டுகள். ஸ்விட்சையும் பிக்கப்புகளையும் பிடித்திருப்பவை திருகுகள். அவற்றைக் கழற்றினால் வயர்களோடு கூடிய முழுத் தொகுதியும் ஒரே கூட்டமாகக் கையில் வந்துவிடும். பிக்கப்புகளும் பாட்டுகளும் ஏற்கெனவே பொருத்தப்பட்ட முழுத் தகட்டை வாங்கியிருந்தால் மட்டுமே அந்த மூன்று வயர்களையும் பிரித்து ஒட்ட நேரிடும்.

முதலில் பிக்கப்புகளுக்குப் பெயரிடுங்கள். மூன்றும் ஒரே உருவத்தில் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது. பல தொகுப்புகளில் நடுப் பிக்கப்பின் சுருளும் காந்தமும் மற்ற இரண்டுக்கும் எதிர்த் திசையில் இருக்கும்; ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்வது அதனால்தான். பிரிட்ஜ் பிக்கப் சற்று வலுவாகச் சுற்றப்பட்டிருக்கலாம். டேப்பில் "நெக்", "நடு", "பிரிட்ஜ்" என்று எழுதி ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டிவிட்டால் குழப்பம் இராது.

பிக்கப் திருகுகளில் சிறு ஸ்பிரிங்கோ ரப்பர்க் குழாயோ கோக்கப்பட்டிருக்கும். கடைசி மரை விடும் தருணத்தில் ஸ்பிரிங் தெறித்து ஓடும் என்பதால், ஒரு விரலால் பிக்கப்பைத் தகட்டோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே திருகைக் கழற்றுங்கள். இந்தத் திருகுகளின் மரை அமெரிக்கக் கிட்டார்களில் அங்குல அளவிலும், ஆசியக் கிட்டார்கள் பலவற்றில் மெட்ரிக் அளவிலும் இருக்கும். புதிய தகட்டுடன் வந்த திருகுகள் இரண்டு சுற்றுக்கு மேல் போகாமல் முரண்டு பிடித்தால் அவற்றை ஒதுக்கிவிட்டுப் பழையவற்றையே போடுங்கள். வலுக்கட்டாயமாகச் செலுத்தினால் பிக்கப்பின் அடித்தகட்டில் உள்ள மரை போய்விடும்.

பாட்டின் நட்டைத் தளர்த்தும்போது அடியில் இருக்கும் பாட்டை மறுகையால் அசையாமல் பிடிக்க வேண்டும். பாட்டு முழுவதுமாகச் சுழன்றால் அதனோடு ஒட்டியிருக்கும் மெல்லிய வயர்கள் முறுக்கி அறுந்துவிடும். புதிய தகட்டில் வைக்கும்போதும் பாட்டுகள் பழைய கோணத்திலேயே இருக்கட்டும். இல்லையேல் கண்டென்சர் என்ற சிறு மின்பாகத்தின் கால்கள் இழுபடும்.

புதிய தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் காப்புப் படலத்தை இப்போதே முழுவதும் உரிக்காதீர்கள். பாட்டு, ஸ்விட்ச், பிக்கப் வரும் இடங்களைச் சுற்றி மட்டும் உரித்துவிட்டு, மீதியை வேலை முடியும் வரை விட்டுவைத்தால் திருப்புளி சறுக்கினாலும் கீறல் விழாது.

அடிப்பக்கத்து உலோகப் படலம்

பழைய தகட்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பாட்டுகள் இருக்கும் பகுதியில் மட்டுமோ முழுவதுமோ அலுமினியப் படலம் ஒட்டப்பட்டிருக்கும். வெளியிலிருந்து வரும் மின்இரைச்சலைத் தடுப்பதோடு இன்னொரு வேலையையும் அது சத்தமின்றிச் செய்கிறது: பாட்டுகளின் உலோக உறைகள் ஒன்றோடொன்று கிரவுண்டாக (பொதுவான தரை இணைப்பாக) இணைவது சில கிட்டார்களில் இந்தப் படலத்தின் வழியாகத்தான். அத்தகைய கிட்டாரில் படலமில்லாத புதிய தகட்டை மாட்டினால், வயர் எதுவும் அறுபடாமலேயே கிரவுண்ட் இணைப்பு விட்டுப்போய், குமிழைத் தொடும்போதெல்லாம் "கொர்" என்ற இரைச்சல் எழும்.

எனவே புதிய தகட்டில் படலம் இல்லையென்றால் செம்பு டேப் வாங்கி ஒட்டுங்கள். ஒட்டும் பசையும் மின்சாரத்தைக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் தொடர்பு இராது. பட்டைகள் அரை சென்டிமீட்டர் அளவு ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். ஒட்டி முடித்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் படலத்தின் ஒரு கோடியிலும் மறுமுனையை எதிர்க் கோடியிலும் வைத்துப் பாருங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்ய ஓம் காட்ட வேண்டும். ஸ்விட்சின் கால்கள் படலத்தைத் தொட்டுவிட்டால் கிட்டாரின் ஒலி முழுவதும் அடங்கிவிடும் என்பதால், அந்தப் பகுதியில் இன்சுலேஷன் டேப் ஒன்றை மேலே ஒட்டிவிடுங்கள்.

மூடுவதற்கு முன் ஒரு சோதனை

திருகுகளைப் போடுவதற்கு முன் கேபிளைச் செருகி, ஆம்ப்ளிஃபயரின் ஒலியைக் குறைத்து வைத்துவிட்டு, திருப்புளியின் இரும்பு நுனியால் ஒவ்வொரு பிக்கப்பின் மேலும் மெல்லத் தட்டுங்கள். ஸ்விட்ச் முதல் நிலையில் இருக்கும்போது பிரிட்ஜ் பிக்கப் மட்டும் "டக்" என்று ஒலிக்க வேண்டும். இரண்டில் பிரிட்ஜும் நடுவும், மூன்றில் நடு மட்டும், நான்கில் நடுவும் நெக்கும், ஐந்தில் நெக் மட்டும். ஆம்ப்ளிஃபயரை எர்த் உள்ள மூன்று முனை சாக்கெட்டில்தான் செருக வேண்டும். பழைய வயரிங் கொண்ட பெரிய வீடுகளில் எர்த் முறையாக இறங்கியிருக்கிறதா என்பதை எலெக்ட்ரீஷியனை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். கிட்டாரின் தந்திகள் கிரவுண்டோடு இணைந்தவை. எர்த் பழுதான 230 வோல்ட் இணைப்பில் அவற்றைத் தொடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

தகட்டை மரத்தில் அமர்த்துதல்

மொத்த வேலையிலும் நிதானம் மிகத் தேவைப்படும் கட்டம் இதுதான். திருகு எதுவும் போடாமல் தகட்டை அதன் இடத்தில் வைத்து, நெக் நுழையும் பள்ளத்தையும் பிரிட்ஜ் தகட்டின் ஓரத்தையும் பாருங்கள். எங்கும் இறுக்கமாக உரசக் கூடாது. பிளாஸ்டிக் வெப்பத்தில் விரியும்: ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் நீளமுள்ள பி.வி.சி. தகடு, 20 டிகிரி வெப்பநிலை உயர்வில் 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். மார்கழியின் விடியற்காலையில் கச்சிதமாகப் பொருந்திய தகடு, சித்திரை வெயிலில் நெக்குக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே நெருக்குண்டு நடுவில் உப்பிக்கொள்வது இதனால்தான். நெக் பள்ளத்தைச் சுற்றி அரை மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி தட்டை அரத்தால் அராவிவிடுங்கள். அரத்தை ஒரே திசையில், தகட்டின் மேற்பக்கத்திலிருந்து அடிப்பக்கத்தை நோக்கித் தள்ளினால் மேல் அடுக்கு பெயராது.

பிறகு முதல் தந்தியையும் ஆறாம் தந்தியையும் மட்டும் தற்காலிகமாக மாட்டி, சிறிது இழுத்துப் பாருங்கள். அவை காந்தமுனைகளின் மேல் இருபக்கமும் சம அளவில் ஓட வேண்டும். இந்த நேர்த்தி அமைந்த இடமே தகட்டின் சரியான இடம். துளைகள் அதற்குப் பிறகுதான்.

இப்போது துளைகளை ஒவ்வொன்றாக மேலிருந்து நோக்குங்கள். மரத்துளை தகட்டுத் துளையின் நடுவில் தெரிந்தால் கவலையில்லை. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தால், தகட்டின் துளையை அந்தத் திசையில் வட்ட அரத்தால் சற்று நீள்வட்டமாக்குங்கள். திருகின் தலை அதை மறைத்துவிடும். அதற்கும் மேல் விலகியிருந்தால் மட்டுமே பழைய மரத்துளையை அடைத்துப் புதிதாகத் துளையிட வேண்டும்.

அடைப்பதற்குத் தேக்குச் சிம்பைப் பயன்படுத்தலாம் என்று இங்கே எவருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்ட்ராட் வகைக் கிட்டார்களின் உடல் பெரும்பாலும் ஆல்டர், பாப்லர், பாஸ்வுட் போன்ற மென்மையான மரங்களால் ஆனது. அதற்குள் கடினமான தேக்கையோ மூங்கிலையோ அடித்துவிட்டு அதன் ஓரத்தில் துளையிட்டால், ட்ரில் பிட் கடினத்தை விட்டு மென்மையான பக்கம் வழுக்கிச் சென்றுவிடும். மருந்து நீக்கிய தீக்குச்சியே போதும். அதன் மரம் மென்மையாகவும் நேரான நாருடனும் இருப்பதால் உடல்மரத்தோடு ஒத்துப்போகும். துளைக்குள் மரப்பசையைத் தடவி, குச்சிகளை நெருக்கமாகச் செருகி, மேற்பரப்புக்குச் சமமாக வெட்டி, ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இரண்டு நாள் விடுவது நல்லது.

புதிய துளைக்குத் தகட்டை இடத்தில் வைத்து, துளையின் நடுவில் கூரிய குத்தூசியால் புள்ளி வைத்துவிட்டு, தகட்டை எடுத்த பின் 2 மில்லிமீட்டர் பிட்டால் துளையிடுங்கள். பிட்டின் மேல் 12 மில்லிமீட்டர் உயரத்தில் டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது. வண்ணப்பூச்சின் மேல் முதலில் ட்ரில்லைப் பின்சுழற்சியில் ஓடவிட்டு, பூச்சை மட்டும் தேய்த்துத் திறந்த பிறகு முன்சுழற்சியில் மரத்துக்குள் இறக்குங்கள். இன்றைய பாலியெஸ்டர்ப் பூச்சு கண்ணாடிபோல் முறியக்கூடியது. நேரடியாகத் துளைத்தால் செதில் செதிலாகப் பெயரும்.

திருகுதல்

திருகின் மரையில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். சோப்பைத் தடவும் பழக்கம் பலரிடம் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்துத் திருகைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

பழைய துளையில் திருகை நிறுத்தியதும், முதலில் எதிர்த் திசையில், அதாவது கழற்றும் திசையில், அழுத்தமின்றி மெல்லச் சுழற்றுங்கள். ஓரிடத்தில் திருகு சிறிதே கீழிறங்குவது விரலுக்குத் தெரியும். மரத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் மரையின் வாயில் திருகின் மரை வந்து அமர்ந்த தருணம் அது. அங்கிருந்து இறுக்கும் திசையில் சுழற்றினால் திருகு பழைய தடத்திலேயே இறங்கும். இப்படிச் செய்யாமல் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு திருகினால், புதுப்புது மரை வெட்டப்பட்டு, துளை சில தடவைகளிலேயே கொழகொழத்துப் போகும்.

எல்லாத் திருகுகளையும் முக்கால் பங்கு இறக்கிவிட்டு, தகடு எங்கும் உப்பவில்லை என்பதைப் பார்த்த பின், எதிரெதிர் ஓரங்களாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். திருகின் தலை தகட்டின் குழிவில் அமர்ந்து, கையில் முதல் எதிர்ப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். தலையைச் சுற்றித் தகடு குழிந்தால் அது மிகை. பேட்டரி ட்ரில்லை இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

தந்தி மாட்டிய பின்

தந்திகளை மாட்டிச் சுருதி சேர்த்து, முதலில் குறித்து வைத்த ஆறு அளவுகளுக்குப் பிக்கப்புகளை உயர்த்துங்கள். குறிக்கத் தவறியிருந்தால், சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு ஃபெண்டர் நிறுவனம் பரிந்துரைக்கும் அளவான தடித்த தந்தியில் 2 மில்லிமீட்டர், மெல்லிய தந்தியில் 1.6 மில்லிமீட்டர் என்பதிலிருந்து தொடங்கலாம். பிக்கப்பை இதைவிட மிகவும் நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்கும்.

இனி மீதமுள்ள காப்புப் படலத்தை உரிக்கலாம். உரித்தவுடன் தகட்டின் மேல் விரல் படும்போதெல்லாம் ஆம்ப்ளிஃபயரில் பொரிவது போன்ற ஒலி கேட்டால் அஞ்ச வேண்டாம்; உரிக்கும்போது ஏறிய நிலைமின்சாரம்தான் அது. சற்றே ஈரமான துணியால் தகட்டைத் துடைத்தால் அடங்கும். துடைத்தும் அடங்காமல், தந்தியைத் தொட்டால் மட்டும் குறைகிற சீரான இரைச்சல் தொடர்ந்தால், கிரவுண்ட் வயர் எங்கோ விட்டிருக்கிறது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒற்றைச் சுருள் பிக்கப்புகளில் அது ஓரளவு இயல்பே. தந்தியைத் தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால்தான் தகட்டை மீண்டும் திறந்து, ஸ்பிரிங் கொக்கிக்குச் செல்லும் வயரைச் சோதிக்க வேண்டும்.

டெலிகாஸ்டர் வைத்திருப்போருக்கு இதில் பாதி வேலைகூட இல்லை. அதன் பாட்டுகளும் ஸ்விட்சும் தனி உலோகத் தகட்டில் இருப்பதால், நெக் பிக்கப்பை மட்டும் கவனித்தால் போதும். தொடக்க கால மாதிரியில் அது தகட்டில் தொங்காமல் நேராக மரத்திலேயே திருகப்பட்டிருக்கும். தகட்டின் திருகுகள் 1959 வரை 5 ஆகவும் பிறகு 8 ஆகவும் இருந்தன என்பதால், வாங்கும் முன் அங்கும் எண்ணிப் பார்க்க வேண்டும். லெஸ் பால் வகையில் தகடு பக்கவாட்டுத் தாங்கியிலும் நெக் அருகேயுள்ள ஒரு திருகிலுமாக நிற்பதால், தந்திகளைத் தளர்த்தாமலேயே சில நிமிடங்களில் மாற்றிவிடலாம்.